ஆயிரம் மேடை கண்ட நான்கு பேர்

என் முட்டாள்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைச் சொல்லவிட்டால் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்கள். எங்கள் இசைக்குழு ஒரு பாட்டைக்கூட முழுதாக வாசித்துப் பழகுவதற்கு முன்பே நான் ஐயாயிரம் நோட்டீஸ் அடித்துவிட்டேன். கூடவே விசிட்டிங் கார்டு, லெட்டர் பேடு, ஒரு பக்கம் என் படமும் மறுபக்கம் பன்னிரண்டு மாதமும் போட்ட பாக்கெட் காலண்டர். காலண்டர் கைக்கு வந்தபோது அதில் இரண்டு மாதம் ஏற்கெனவே முடிந்திருந்தது.

வேறு ஊரில் பிறந்திருந்தால் இந்தப் பிழை நடந்திருக்காது. மற்ற ஊர்க்காரனுக்குப் பாடகனாகும் ஆசை வந்தால் பாட்டு வாத்தியாரைத் தேடுவான். எங்கள் பக்கத்துக்காரன் பேப்பரைத் தேடுவான். நான் ஆமத்தூர்க்காரன். சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மெஷினில் வேலை. பட்டாசுப் பெட்டியில் ஒட்டும் லேபிள்களை வெட்டித் தள்ளுவதுதான் தொழில். பெரிய தாளில் லேபிள் போக ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு இடம் வெறுமனே கிடக்கும். அந்த இடத்தில் எங்கள் நோட்டீஸை ஏற்றச் சொல்லி, பிளேட் போடுகிறவருக்கு ஒரு வாரம் டீ வாங்கிக்கொடுத்துக் கெஞ்சினேன். ஏற்றினார். அந்தத் தாளில் அச்சான லேபிள் ஒரு பச்சைக் கிளி. வெட்டும்போது கால் அங்குலம் தள்ளிவிட்டது. அதனால் ஐயாயிரம் நோட்டீஸிலும் என் காதுக்குப் பக்கத்தில் கிளியின் வால் நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டியவனைத் திட்டலாம் என்றால் வெட்டியவனும் நான்தான்.

குழுவின் பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அங்கே 'ஆயிரம் மேடை கண்ட' என்று போட்டேன். அன்றைய தேதிக்கு நாங்கள் கண்டிருந்த மேடை பூஜ்யம். ஆனால் மை காய்ந்த தாளைக் கையில் எடுத்துப் படித்தபோது எனக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது.

குழுவில் நான்கு பேர். கீபோர்டு அண்ணன், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை வைத்திருந்தவர். எல்லாரும் செல்போனில் பாட்டு ஏற்ற ஆரம்பித்துவிட்டதால் அவருக்கு நேரம் நிறைய இருந்தது. எங்களில் இசை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கரண்டில் ஓடும் ரிதம் பேடு வாசிப்பவன் என்னோடு பள்ளியில் படித்தவன், மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வோம். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் அவன் காது மடலில் அலுமினியப் பொடி மினுங்கும். மேடை விளக்கு பட்டால் ஒப்பனை செய்தது போல இருப்பான். மூன்றாவது ஆள் என் அண்ணன் மனைவி, என் மதினி. அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர். பக்கத்து ஆளோடு சண்டை போட்டுக்கொண்டே விரலைப் பார்க்காமல் சரம் பின்னுவார். அந்த விரலில் இருந்த தாளம் பாட்டிலும் இருந்தது. நான்காவது நான். பாடகர், அறிவிப்பாளர், நிறுவனர். நோட்டீஸில் என் பெயர் மூன்று இடத்தில் இருந்தது.

எங்கள் லட்சியம் பெரிதாக ஒன்றுமில்லை. மாப்ளையும் மதினியும் வேலை பார்த்த கம்பெனியில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வெளிக் குழு ஒன்று வந்து வாசிக்கும். வேலையாட்கள் எல்லாரும் புதுச்சேலை, புதுச்சட்டையில் உட்கார்ந்து கேட்பார்கள். 'இந்த வருசம் நம்ம குழுதான்' என்று மாப்ளை மருந்து ரூமில் எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டான். எந்தக் குழு என்று முடிவு செய்கிறவர் போர்மேன் அண்ணாச்சி. மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபது வருஷம் வேலை பார்த்தவர். அதிர்ந்து பேசமாட்டார், ஒரே மூச்சில் ஐந்து வார்த்தைக்கு மேல் தேவைப்பட்டால் பேசவே மாட்டார். மாப்ளையின் தொல்லை தாங்காமல், "மொதல்ல எம் மக காதுகுத்துக்கு வாசிங்க. பாப்போம்" என்றார்.

இருக்கன்குடி கோயில் பக்கம் ஒரு மண்டபம். காலை பத்து மணி. எதிரே நூறு பேர் இருப்பார்கள். அதாவது இருநூறு கண். அத்தனையையும் ஒரே நேரத்தில் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் கூட்டமும் இல்லை, பாட்டின் முதல் வரியும் இல்லை. கீபோர்டு அண்ணன் முன்னிசையை ஒரு சுற்று வாசித்தார். இரண்டாவது சுற்று. மூன்றாவது. நான்காவது சுற்றில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய்யா, பாட்டு எப்பம் வரும்? பந்தி போட்டாச்சுல்ல!"

பாட்டு வந்தது. வேறு பாட்டு. இரண்டு வரி பாடியதும் மதினி என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, ஆண் பாட வேண்டியதையும் தானே பாடி முடித்தார். நான் கண்ணைத் திறக்காமலே பின்வாங்கி, தாய்மாமன் சீராகக் கொண்டு வந்திருந்த மாம்பழத் தட்டில் காலை வைத்தேன். அன்றைக்குக் கைத்தட்டல் கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

சாப்பாடு முடிந்ததும் அண்ணாச்சி வந்தார். கையில் எங்கள் நோட்டீஸ்.

"ஆயிரம் மேடைன்னு போட்டிருக்கு. இது எத்தனாவது?"

"ஆயிரத்தி ஒண்ணு, அண்ணாச்சி."

நோட்டீஸில் இருந்த படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்துல மட்டும் கண்ணு தொறந்திருக்கு" என்றார். பிறகு மாப்ளை பக்கம் திரும்பி, "பூசைக்கு வாங்க. இந்தத் தம்பி பாட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சாத்தூர் தாண்டியதும் மாப்ளை என் தோளில் கை போட்டான். "கவலப்படாதலே. நீ இல்லாம நாங்க அங்கன போவமா?" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "போகத்தான் செய்வோம்னு வையி. ஆனா மனசு சங்கடமாத்தான் இருக்கும்" என்றான்.

மதினி முன் சீட்டிலிருந்து திரும்பினார். "கொழுந்தனாரே, அங்கன என்ன பாட்டா பாடுனீக, இல்ல அம்மனுக்கு வேண்டுதலா? அம்புட்டு இறுக்கமா மூடியிருந்தீகளே!"

கீபோர்டு அண்ணன்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். "தம்பி, பாட்ட வீட்ல பழகலாம். கூட்டத்துக்கு முன்னால நிக்கிறத கூட்டத்துக்கு முன்னாலதான் பழகணும். இது பங்குனி. பூசைக்கு ஆறு மாசம் இருக்கு. யாரு கூப்பிட்டாலும் போவோம். நீ கண்ணத் தொறந்து பாடிட்டா, அண்ணாச்சிகிட்ட நானே பேசுதேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் திக்விஜயம். அழைத்தவர்களிடம் போனோம், அழைக்காதவர்களிடம் நோட்டீஸைக் கொடுத்து அழைக்கவைத்தோம். ஒவ்வொரு மேடை முடிந்ததும் மாப்ளை ஸ்பீக்கர் பெட்டியின் முதுகில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவான். ஆயிரம் கோட்டுக்குப் பெட்டி போதாது என்பது அவன் கவலை.

சிவகாசியில் ஒரு சலூன் திறப்பு விழா. வந்திருந்தது பன்னிரண்டு பேர்தான் என்று தைரியமாகப் போனேன். சுற்றிலும் புதுக் கண்ணாடி. பன்னிரண்டு பேர் நூற்றுக்கணக்கில் ஆகிவிட்டார்கள். கண்ணை மூடிப் பாடினேன். இன்னொரு பிரஸ்ஸில் புது மெஷினுக்குப் பூஜை. அங்கே ஆட்களுக்கு முதுகைக் காட்டி மெஷினைப் பார்த்துப் பாடச் சொன்னார்கள், மரியாதை மெஷினுக்கு என்று. அன்றுதான் முதன்முதலாகக் கண்ணைத் திறந்து ஒரு பாட்டை முழுதாகப் பாடினேன். மெஷின் நல்ல ரசிகர். ஒரு இருமல் இல்லை.

மல்லாங்கிணற்றில் ஒரு பூப்புச் சடங்கு வீடு. டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. எனக்கு உருக்கமான பாட்டு, வழக்கம் போலக் கண் மூடியிருந்தேன். பாதிப் பாட்டில் மைக் செத்தது. கூட்டத்தின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனது. பிடிக்காமல் எழுந்து போகிறார்கள் என்று நினைத்தேன். விடக்கூடாது என்று இன்னும் உருக்கினேன். ஒரு குலுக்கலில் கண்ணைத் திறந்தால், கூட்டம் போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. போய்க்கொண்டிருந்தது நாங்கள்தான். பருத்தி லோடு ஏற்ற நேரமாகிவிட்டது என்று டிராக்டர்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டார். ஒயர் பிடுங்கிக்கொண்டு பின்னால் இழுபட்டு வந்தது. மாப்ளை வண்டியிலிருந்து குதித்து, அதன் பின்னாலேயே ஓடிவந்து ஸ்பீக்கரை இறக்கினான். "இதையும் ஒரு மேடைன்னு எழுதவா?" என்று மூச்சிரைக்கக் கேட்டான். அண்ணன், "ரெண்டா எழுது. ரெண்டு எடத்துல பாடியிருக்கோம்ல" என்றார்.

எங்கள் பக்கத்தில் எந்த விசேஷமும் சரவெடி வெடிக்காமல் தொடங்காது. வெளியூர்க் குழுக்கள் வெடி முடிகிறவரை காதைப் பொத்திக்கொண்டு நிற்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து ஆரம்பித்தால் மிச்சம் நான்கு வெடித்து முதல் வரியைத் தின்றுவிடும். எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மதினி ஒரு கையில் மைக்கோடு தலையைச் சாய்த்துக் கேட்பார். "ஆயிரம்... பாதி போயிருச்சு... இன்னும் மூணு மூச்சு... ம்!" என்று தலையை ஆட்டுவார். கடைசி வெடியும் அண்ணனின் முதல் சுரமும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு விழும். கூட்டம் அதற்கே கை தட்டும். ஒரு தடவை கைத்தட்டலுக்கு நடுவே மதினி மைக்கை மூட மறந்து, "நடுவுல ஏழு வெடிக்கல. எவ பின்னுனதுன்னு தெரியல" என்று சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

பத்துக் கோடு ஆனபோது யார் எப்போது முழிப்பார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரிந்துபோயிற்று. அண்ணன் ஒரு புருவத்தைத் தூக்கினால் அடுத்த சரணத்தை விட்டுவிடு என்று அர்த்தம். இரண்டையும் தூக்கினால் நான் பாடிக்கொண்டிருப்பது வேறு பாட்டு என்று அர்த்தம். ஆனால் புருவத்தைப் பார்க்கக் கண் திறந்திருக்க வேண்டுமே. அதற்கும் அவரே வழி சொன்னார்: "இருநூறு கண்ணயும் ஏன் பாக்க? ஒரே ஆள எடுத்துக்கோ." எடுத்துக்கொண்டேன். கடைசி வரிசையில் ஒரு மீசைக்காரர். இரண்டு பாட்டு அவரையே வெறித்துப் பார்த்துப் பாடினேன். மூன்றாவது பாட்டில் அவர் இடம் மாறி உட்கார்ந்தார். நானும் திரும்பினேன். நான்காவது பாட்டில் எழுந்து வந்து, "தம்பி, நமக்குள்ள எதும் பழைய பிரச்சனையா?" என்று கேட்டார்.

அந்த வருஷம் கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்திருந்தது. எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, எங்கள் பாட்டு நடுவில் போகும் என்பது மட்டும் தெரியும். முதல் தடவை, விருதுநகரில் ஒரு கல்யாணத்தில், கீபோர்டும் பேடும் மைக்கும் ஒரே நொடியில் செத்தன. நாங்கள் நான்கு பேரும் கூட்டத்தைப் பார்க்க, கூட்டம் நின்றுபோன ஃபேனைப் பார்த்தது. அவமானமாக இறங்கி வந்தோம். அடுத்த தடவை மாப்ளை ஓடிப்போய் சமையல்கட்டிலிருந்து ஒரு காலி அண்டாவைத் தூக்கி வந்து கவிழ்த்துத் தட்ட ஆரம்பித்தான். மதினி கை தட்டினார். எனக்கு வேறு வழியில்லை, பாடினேன்.

அன்று எனக்கே ஒரு விஷயம் தெரிந்தது. பிரஸ்ஸில் நாலு மெஷின் ஓடும்போது அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டுப் பேசிப் பேசி என் தொண்டை ஊருக்கே கேட்கிற தொண்டையாகிவிட்டது. மைக்கில் பாடினால் முன்வரிசை முகம் சுளிக்கும். மைக் செட்காரர்கள் என் சத்தத்தை எப்போதும் குறைத்தே வைப்பார்கள். மைக் இல்லாமல் பாடியபோது, சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். அண்ணனுக்குத்தான் பாவம், கைக்கு வேலை இல்லை. அவரும் கை தட்டினார். எங்களில் இசை தெரிந்த ஒரே ஆள் கை தட்டினால் தாளம் தப்புகிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. மதினி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீங்க சும்மா சிரிச்ச முகமா நில்லுங்கண்ணே, போதும்."

புரட்டாசி வந்தது. பெட்டியின் முதுகில் முப்பது கோடு. சொன்னபடி அண்ணன் போர்மேன் அண்ணாச்சியிடம் பேசப் போனார். போன வேகத்தில் திரும்பினார்.

"என்னண்ணே சொன்னாரு?"

"சொன்னது சொன்னதுதான்னு சொன்னாரு."

ஆக, ஆயுத பூஜை அன்று காலை நான் கம்பெனிக்குப் போனது பாடகனாக அல்ல, கீபோர்டு தூக்குகிறவனாக. முப்பது மேடை ஏறிவிட்டு முப்பத்தொன்றாவதுக்குச் சுமை தூக்கப் போகிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் என் சொந்த அண்ணன் வேறு, "நல்ல சட்டை எதுக்குலே, அழுக்காயிரும்" என்று வழியனுப்பியிருந்தார்.

கேட்டில் வாட்ச்மேன் செல்போன், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். செருப்பில் ஆணி இருக்கிறதா என்று பார்த்தார். உடம்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச மின்சாரமும் இறங்கட்டும் என்று சுவரில் பதித்த செம்புத் தகட்டில் கை வைக்கச் சொன்னார். வைத்தோம். போர்மேன் அண்ணாச்சி புதுவேட்டியில் நின்றிருந்தார். என் தோளில் இருந்ததைக் காட்டினார்.

"இது என்ன?"

"கீபோர்டு, அண்ணாச்சி."

"கரண்டா?"

"ஆமா."

"வெளிய வை."

அடுத்து மாப்ளையின் கையில் இருந்ததைக் காட்டினார். "அது?"

"பேடு, அண்ணாச்சி."

"வெளிய வை."

மைக்கைப் பற்றி அவர் வாயைக்கூடத் திறக்கவில்லை, விரலை மட்டும் வெளியே நீட்டினார். "கேட்டுக்கு உள்ள ஒயர் வராது."

"போன வருசம் வந்த குழு?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"மேளம், நாயனம்."

மதினி மாப்ளையை ஒரு பார்வை பார்த்தார். "எட்டு வருசமா இந்தக் கேட்டுக்குள்ள போய் வாரே. பீடிய வெளிய வச்சிட்டு, தகட்டத் தொட்டுட்டுத்தான போறே? இது ஒனக்குத் தெரியாதா?"

"பேடு பாட்டுச் சாமான்தானக்கா. கரண்டு சாமான்னு தோணவே இல்ல." பிறகு அவனுக்கும் ரோஷம் வந்தது. "நீங்க மட்டும் என்ன, பதினோரு வருசமா ஆகாசத்துல பறந்தா வாரீக?"

"எஞ்சாமான் வாய்தான். அதுல ஒயரு இல்ல."

உள்ளே போனோம். சாமான்களைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டதால் எனக்குத் தூக்க ஒன்றும் இல்லை. கீபோர்டின் காலி உறையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு போனேன். வேப்பமரத்து நிழலில் கம்பெனி முழுவதும் உட்கார்ந்திருந்தது. சரம் பின்னும் பலகைக்கும் மருந்துச் சல்லடைக்கும் சந்தனப் பொட்டு. எல்லார் மடியிலும் பொரிகடலைப் பொட்டலம். மருந்து ரூம் ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, "ஏலே, எங்க ஒஞ்செட்டு? வெறுங்கைய வீசிட்டு வாரே?" என்று மாப்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் காது மடல் அலுமினியத்தையும் மீறிச் சிவந்தது.

மதினி பாட ஆரம்பித்தார். அருமையான குரல். ஆனால் அன்று வேப்பமரத்தில் நல்ல காற்று. பாட்டு நான்கு வரிசை தாண்டவில்லை.

"கேக்கல!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "மதினி, எங்களுக்கும் சேத்துப் பாடுங்க!" சிரிப்பு. மதினி இன்னும் ஓங்கிப் பாடினார், குரல் உடைந்தது. சரம் பின்னும்போது ஒருநாளும் தவறாத அந்தக் கை, சேலை நுனியைப் பிடித்துத் திருகியது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்த அண்ணாச்சி சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பிரஸ்லதான வேல?"

"ஆமா, அண்ணாச்சி."

"கத்துவியா?"

"கத்துவேன்."

"பாடு."

மாப்ளை உடனே அண்டா கேட்டான். பொறி கிளம்பும், உலோகம் எதையும் தட்டக்கூடாது என்றுவிட்டார் அண்ணாச்சி. பேக்கிங் செய்யும் காலி அட்டைப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டான். அதில் ஒட்டியிருந்த லேபிள் நான் வெட்டியது. பச்சைக் கிளி. கிளிக்கு வால் இல்லை. வால் எங்கள் நோட்டீஸில் இருந்தது.

பாடினேன். அட்டைப் பெட்டி பேடைவிட நன்றாகப் பேசியது. மதினியின் கைத்தட்டல் என் இடது பக்கத்தில் சரம் பின்னுகிற வேகத்தில் விழுந்தது. முதல் சரணத்தில் பொரி கொறிக்கும் சத்தம் நின்றது. இரண்டாவது சரணத்தில் கண்ணாடி வளையல் சத்தம் ஒவ்வொரு வரிசையாகப் பின்னாலிருந்து முன்னால் வந்தது. அவர்களும் தாளம் போடுகிறார்கள் என்று புரிந்தது. அண்ணன் எந்தத் தாளமும் போடாமல் இருந்ததும் நன்றாகவே கேட்டது. காற்றைத் தாண்டி, மரத்தைத் தாண்டி என் குரல் கடைசி ரூமின் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பாட்டு முடிந்தபோது எழுந்த கைத்தட்டலை மதினியே கணக்குப் போட்டிருந்தால் பத்தாயிரம் சரம் என்று சொல்லியிருப்பார். நான் ஐந்து பாட்டுப் பாடினேன். மதினி ஆறு. அவர் பாடும்போது பின்வரிசைக்காக ஒவ்வொரு வரியையும் நான் ஒரு தடவை திருப்பிப் பாடினேன். முன்வரிசை மருந்து ரூம் ஆட்கள் மாப்ளையை அட்டைப் பெட்டியோடு தூக்கிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் மாப்ளை ஸ்பீக்கர் பெட்டியில் முப்பத்தொன்றாவது கோட்டைப் போட்டான். மற்றக் கோடுகளைவிட அது இரண்டு மடங்கு நீளம். அண்ணாச்சி கேட்டுவரை வந்து நின்றிருந்தார், கையில் பொரி. எனக்கு அன்று யாரிடமும் பயம் இல்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, ஒரு உண்மையச் சொல்லிருதேன். ஆயிரம் மேடைன்னு போட்டது பொய். காதுகுத்துதான் மொத மேடை. இது முப்பத்தொண்ணு. இப்பம் சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?"

அவர் ஒரு பிடி பொரியை வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"அடுத்த வருசம் கண்ணத் தொறந்து பாடு."